இரண்டு நிமிடம் ஓடவிடு

சூரியப் புயலுக்குப் பின் ஒன்பதாம் நாள். 07:10. செவ்வாய், வடக்கு நிலையம்.

உள்காற்று சரி. குடிநீர் சரி. மின்சாரம் ஒரு விளக்குக்கும் வானொலிக்கும் மட்டும். மின்வண்டிகள் ஆறும் புயலன்று உள்ளே கருகி, நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மாற்று ஆட்களின் கப்பல் வர இன்னும் நாற்பது நாள். அதுவரை நிலையத்தில் நான் ஒருவன்தான்.

எழுதுவது கொம்பையா, வயது எழுபத்தொன்று, வண்டிக் கொட்டகைக் காவல். இதற்கு முன் இந்தப் பதிவேட்டில் வேறு யாராவது எழுதுவார்கள், நான் கட்டைவிரல் வைப்பேன். இன்று எழுத்தும் என்னுடையது. என் பெயருக்கு நான்கு எழுத்து. நான்கும் நேராக நிற்கின்றன.

சொல்லிக்கொடுத்தவர் தெற்கு நிலையத்தின் வானொலிக்காரர் ஜெபக்கனி டீச்சர். இரண்டு வருஷம், தினமும் சாயங்காலம், சுழி, வளைவு, கோடு என்று வாயாலேயே வரைந்து காட்டினார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

11:40.

தெற்கிலிருந்து அழைப்பு. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, இங்க காத்து வடிகட்டி கரிஞ்சிட்டு. பதினோரு பேரு இருக்கோம், காத்துப் புட்டியும் காலி. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் காத்து தாங்கும்னு சொல்லுதாங்க."

"எங்கிட்ட புது வடிகட்டி ரெண்டு கெடக்கு டீச்சர்."

"கெடந்து? நானூத்தி முப்பது கிலோமீட்டர். பறந்தா வருவீய?"

"இத்தாலிக்காரி இருக்காள்லா."

"அந்தக் காட்சிக்கு வச்ச காரா? அதுக்கு உசுரு இருக்கா?"

"வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணிதான வைக்கேன். மூணு மணிக்குள்ள உங்க வாசல்ல நிப்பேன். காப்பி போட்டு வைங்க."

"வந்து சேருங்க மொதல்ல. போட்டு ஆத்தியே தாரேன்."

12:15. புறப்பாடு.

கார் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. முதலாளி ஒருவர் ஆசைக்காகப் பூமியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. இரும்புப் பெட்டகத்துக்குள் நின்றதால் புயல் தொடவில்லை.

எஞ்சின் முன்னால் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ. பல வருஷம் பாசியும் மரமும் வளர்த்து உண்டாக்கிய இந்த ஊர்க் காற்று இன்னும் மனிதருக்குப் போதாது, நானே முகமூடியும் புட்டியும் மாட்டித்தான் ஓட்டுகிறேன். சாதாரண எஞ்சினும் மூச்சுத் திணறி நின்றுவிடும். டர்போ அப்படியல்ல. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றுகிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்கு ஊட்டுகிறது. மெலிந்த காற்று கெட்டிக் காற்றாகிவிடுகிறது.

வடிகட்டிகள் முன்பெட்டியில். பெட்ரோல் நூற்றுப் பத்து லிட்டர். போதுமா என்று தெரியாது. மிச்சம் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

போன கப்பலில் ஊர் திரும்பிய மெக்கானிக் சவரிமுத்து, ஓட்டுகிறவருக்கென்று ஆறு வரி எழுதி அட்டையாக ஒட்டியிருக்கிறார். ஒரு வரி படிக்க எனக்கு ஐந்து நிமிடம். முழுவதும் படித்துக்கொண்டிருந்தால் நேரமாகும். எப்படியும் ஒவ்வொரு கோபுரத்திலும் நின்று நேரம் எழுத வேண்டும், அது நிலைய விதி. கோபுரத்துக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வரி: பிரேக்குக்கு எஞ்சினின் உதவி கிடையாது, முழுக்காலையும் ஊன்று.

12:45. முதல் கோபுரம். 70 கி.மீ.

வேகமுள் இருநூற்று நாற்பதைத் தொட்டது. எழுபத்தொரு வயதில் இது எனக்குக் கிடைத்திருக்கிறது.

மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டியதும் முதுகில் யாரோ ஓங்கித் தள்ளுகிறார்கள். செவ்வாயில் எல்லாமே பூமியில் இருக்கும் எடையில் பாதிகூட இல்லை, சக்கரம் மண்ணைப் பிடிக்காது. எஞ்சின் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து அமுக்குவதால்தான் கார் வழியில் நிற்கிறது.

கோபுரத்தடியில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டிய முப்பது வருஷப் பழக்கம். வண்டி நிற்கும் முன்பே கை சாவிக்குப் போய்விடும். டீசல் மிச்சம் பிடிப்பதில் என்னை யாரும் மிஞ்சியதில்லை.

எழுத அமைதியாகவும் இருக்கிறது.

இரண்டாம் வரி: வளைவில் மிதிக்காதே, டர்போ தாமதமாக வந்து உன்னைச் சுழற்றும்.

13:20. இரண்டாம் கோபுரம். 140 கி.மீ.

வானொலி கோபுரத்தடியில்தான் கிடைக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசினேன்.

"ரேஸ் எப்படி அண்ணாச்சி?"

"பேய் மாதிரி போறா டீச்சர். இருநூத்தி அறுவது."

"பொய்யி."

"எழுதி வச்சிருக்கேன். வந்து வாசிச்சுக் காட்டுதேன்."

"வாசிச்சுக் காட்டுங்க. கொம்பு, கால் ஒண்ணு விட்டாலும் காப்பி கெடையாது."

பின்னால் யாரோ இருமினார்கள். டீச்சர் மைக்கைக் கையால் மூடினார். இருந்தும் இருமல் எனக்குக் கேட்டது.

மூன்றாம் வரி: வளைவில் காலைச் சட்டென்று எடுக்காதே, பின்பக்கம் முன்னால் வந்துவிடும்.

13:55. மூன்றாம் கோபுரம். 210 கி.மீ.

கிளம்பும்போது பின்னால் கொஞ்சம் நீலப் புகை. தூசியாக இருக்கலாம். முதுகைத் தள்ளும் அந்தக் கை இப்போது சற்றுத் தாமதமாக வருகிறது.

கோபுரத்துக்கு முன் இறக்கம் ஆறு கிலோமீட்டர். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டியே வந்தேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை.

நான்காம் வரி: பக்கவாட்டுத் துவாரங்களில் மணல் அடைக்காமல் பார். அமுக்கிய காற்று அங்கேதான் குளிர்கிறது.

துடைத்தேன். சுத்தமாகவே இருந்தது.

14:30. நான்காம் கோபுரம். 280 கி.மீ.

வேகம் நூற்று எண்பதுக்கு மேல் ஏறவில்லை. வலப்பக்கம் ஊளையிடுகிற சத்தம். நிறுத்தி அணைத்த பிறகும் உள்ளே ஏதோ சுற்றிச் சுற்றித் தேய்ந்து அடங்கியது. எரிந்த எண்ணெய் வாடை.

பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்த ஊரில் காரைத் தடுக்கவும் காற்று இல்லை. நான் பயந்த அளவுக்கு இவள் குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு பேரு மயங்கிட்டாங்க."

"ஒரு மணி நேரம் டீச்சர். அவ்வளவுதான்."

"எழுதிக்கிட்டே கெடக்காதீய. வாங்க."

ஐந்தாம் வரி: மிதியை விடும்போது வரும் பெருமூச்சுச் சத்தம் இயல்பு, பயப்படாதே.

14:55. 338 கி.மீ. கோபுரம் இல்லை.

நின்றுவிட்டாள்.

வலது டர்போ கூவி உடைந்தது. ஒரு நிமிடத்தில் இடதும் போனது. பின்னால் ஒரே நீலப் புகை. ஊட்டும் காற்று இல்லாமல் எஞ்சின் மூன்று முறை இருமி அடங்கியது. பிறகு பிடிக்கவே இல்லை.

வேறு வழி தெரியாமல் ஆறாம் வரியைப் படித்தேன். அது மற்றவற்றைவிட நீளம். சவரிமுத்து அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஓடி நின்றதும் அணைக்காதே. டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றுகிறது. அதன் அச்சைத் தாங்குவதும் குளிர வைப்பதும் எண்ணெய் மட்டுமே. எஞ்சினை அணைத்தால் எண்ணெய் நிற்கும், டர்போ நிற்காது. எண்ணெய் உள்ளேயே வெந்து கரியாகி அச்சைத் தின்றுவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடு. பிறகு அணை.

நான்கு கோபுரத்திலும் அணைத்தேன். இறக்கத்திலும் அணைத்தேன்.

நிற்காமல் போயிருந்தால் இந்நேரம் அவர்கள் வாசலில் இருந்திருப்பேன்.

வடிகட்டிகளை முதுகில் கட்டிவிட்டேன். அடுத்த கோபுரம் பன்னிரண்டு கி.மீ.

16:35. ஐந்தாம் கோபுரம்.

வடிகட்டிகளை இறக்காமலே எழுதுகிறேன். எழுத்து கோணல். மன்னிக்கவும்.

"எங்க நிக்கீய அண்ணாச்சி?"

"அஞ்சாம் கோபுரம். வண்டி போச்சு டீச்சர். நடந்து வந்தேன்."

"இன்னும் எவ்வளவு?"

"எம்பது கிலோமீட்டர்."

டீச்சர் மைக்கை அருகில் இழுக்கும் சத்தம்.

"எல்லாரும் படுத்துட்டாங்க. நான் மட்டுந்தான் முழிச்சிருக்கேன். எழுதுனத வாசிங்க."

வாசித்தேன். காலையிலிருந்து. பெயர் எழுதிய இடத்தில் லேசாகச் சிரித்தார். முதல் கோபுரம் வந்தது. சாவியைத் திருப்பிய வரி. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம், அவருக்குத் தெரியாது. விடவில்லை. நான்கு கோபுரம், இறக்கம், ஆறாம் வரி, எல்லாம் வாசித்தேன்.

"அப்ப நின்னு நின்னு எழுதுனதுதான்..."

"ஆமா டீச்சர்."

மூச்சு வாங்கும் சத்தம்.

"ஒரு வரி விடாம வாசிச்சீய. விட்டிருந்தா எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."

அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ வாசிங்க. மெதுவா."

17:20.

மூன்றாம் முறை வாசித்து முடித்தேன். டீச்சர் என்றேன். பதில் இல்லை.

17:50.

இதை எடுப்பவருக்கு. கார் 338இல் நிற்கிறது. பெட்ரோல் பாதி இருக்கிறது. டர்போ மட்டும் மாற்றினால் ஓடும். அட்டையை முதலில் முழுதாகப் படியுங்கள்.

வடிகட்டிகள் என் முதுகில். தெற்கே நடக்கலாம். புட்டியில் காற்று இருபது கி.மீ.க்குத்தான் வரும்.

ஜெபக்கனி டீச்சர் மைக்கை அணைக்கவில்லை. அந்த அறையின் இரைச்சல் இங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறது. கை இரண்டு முறை வானொலிச் சாவிக்குப் போய்விட்டது. எடுத்துவிட்டேன்.

அணைக்க மாட்டேன். ஓடட்டும்.