அகானேவுக்குக் கிடைத்த மாமா குரல்

அன்பு மகள் சிஹாருவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், கோபன்ஹேகன் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று புத்தரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆப்பிள் பறிப்பு முடிந்தது, பனியும் ஆரம்பித்துவிட்டது. அப்பா சொல்லச் சொல்லக் கேட்காமல் கூரையேறிப் பனி வழித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கேட்டால், "கூரை இடிஞ்சு விழுந்தா நீயா தாங்கிப் பிடிப்பே?" என்கிறார். இவரோடு யார் மல்லுக்கு நிற்பது. இடுப்பில் மருந்துப் பட்டை ஒட்டிவிட்டு, சுடச்சுட மிசோ சூப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

நீ என்னைக் கேலி செய்தாயே, டேப்லெட்டைக் கண்டால் அம்மா பாம்பைக் கண்டதுபோல் பதறுகிறாள் என்று, இப்போது கேள். என் மூன்றாம் வகுப்பில் அகானே என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் அம்மா மியுகி துறைமுகத்துச் சிப்பித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், விடியுமுன்னே போய்விடுவாள். வீட்டில் இந்தப் பெண் வாய் ஓயாமல் பேசுமாம். பள்ளி வாசலை மிதித்தால் போதும், தொண்டை பூட்டிக்கொள்ளும். பிடிவாதம் இல்லை, அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் பேர் கூப்பிட்டு உடம்பு எப்படி என்று கேட்போமே, நீயும் "நல்லா இருக்கேன்!" என்று கத்தியவள்தானே. அகானே பேர் வந்தால் பக்கத்து இருக்கை ரெய்ஜி எழுந்து "அகானே நல்லா இருக்கா!" என்று சொல்லிவிடுவான். முதல் வகுப்பிலிருந்தே அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தங்கமான பையன். எங்களுக்கெல்லாம் அதில் பெருமைதான்.

கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் டேப்லெட்டில் எழுதுவதெல்லாம் முன்னால் பெரிய திரையில் வந்து விழும். இருபத்துமூன்று மோச்சி அரிசி உருண்டையை ஐந்து பேருக்குப் பங்கு வைக்கச் சொன்னேன். எல்லாரும் "ஆளுக்கு நாலு, மீதி மூணு" என்று எழுதினார்கள். அகானே மட்டும் "ஆளுக்கு நாலு, மீதி மூணையும் டீச்சர் சாப்பிட்டுடுவாங்க" என்று எழுதியிருந்தாள்! வகுப்பே உருண்டு சிரித்தது. அடிப் பாவி, இத்தனை குறும்பை உள்ளேயே வைத்துக்கொண்டா வாயை மூடி உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுதியதை டேப்லெட்டே உரக்கப் படிக்கும் வசதி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது, அதையும் போட்டுக் கொடுத்தேன். அழுத்தினால் நாற்பது வயது ஆம்பிளைக் குரல் வருகிறது. பெண்குரலுக்கு மாற்றப் போனால் அகானே என் கையைப் பிடித்துத் தடுக்கிறாள். அவளுக்கு அந்தக் குரல்தான் வேண்டுமாம். பிள்ளைகள் அதற்கு "அகானே மாமா" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

துணைத் தலைமையாசிரியர் குதோவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மெஷினே பேசிட்டா பொண்ணு எப்ப வாயைத் திறக்கும் டீச்சர்? நடக்க வேண்டிய பிள்ளையை நாமளே தூக்கி வச்சுக்கலாமா?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அக்கறையில்தான் சொன்னார். இந்த மாத முடிவில் நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை சிஹாரு. கிடைத்த ஒரு வழியையும் அடைத்தால் அந்தக் குழந்தை எங்கே போகும்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் பேர் கூப்பிட்டோம். அகானே முறை வந்தது, ரெய்ஜி பழக்க தோஷத்தில் எழுந்து "அகானே நல்லா இருக்கா!" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தான். அடுத்த பேருக்குப் போகும்போது அந்த மாமா குரல் வந்தது, "இல்லை. நல்லா இல்லை. காது ரொம்ப வலிக்குது." ஓடிப்போய் நெற்றியைத் தொட்டால் அனலாய்க் கொதிக்கிறது. மியுகி வேலைக்குப் போன பிறகுதான் வலி ஆரம்பித்திருக்கிறது. டாக்டரிடம் தூக்கிப்போனோம், காதில் சீழ் கோத்திருக்கிறது என்றார். மியுகி தொழிற்சாலை ஏப்ரனோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "போன வருஷம் ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல்ல சுருண்டு விழுந்துட்டா டீச்சர். நாளெல்லாம் அதோடயே இங்க உட்கார்ந்திருந்திருக்கா" என்றாள். அன்றைக்கும் ரெய்ஜி நல்லா இருக்கா என்றுதான் சொல்லியிருப்பான், நாங்களும் சரி என்று தலையாட்டியிருப்போம். குதோ கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "மாச முடிவுன்னு சொன்னேனே, அதை விட்டுடுங்க டீச்சர்" என்றார்.

பாவம், ரெய்ஜிதான் உடைந்துபோனான். "நான் பொய் சொல்லிட்டேனா டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். இல்லடா ராஜா, நீ அன்பாத்தான் சொன்னே, ஆனா அவளைக் கேக்காம சொல்லிட்டே என்றேன். அகானே திங்கட்கிழமை திரும்பி வந்தாள். அவள் பேர் வந்ததும் ரெய்ஜி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள், வகுப்பு முழுக்கக் காத்திருந்தது, ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கடைசியில் மாமா பேசினார், "இன்னிக்குப் பரவாயில்லை. ரெய்ஜி எப்படி இருக்கான்?" அவன் விக்கி விக்கி அழுதுகொண்டே "நான் நல்லாவே இல்லை!" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், எனக்குத்தான் அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று.

பார்சலில் உலர்ந்த சிப்பியும் அப்பா கையால் செய்த ஆப்பிள் ஜாமும் வருகின்றன. ஜாம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது, அவரிடம் சொல்லிவிடாதே. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நல்ல மனதோடு நீண்ட நாள் இரு மகளே. ஒன்றை மட்டும் மறக்காதே. போன முறை போனில் உன் குரல் சரியில்லை என்று அப்பா சொல்கிறார். நானோ "நல்லாத்தானே இருக்கே, சாப்பிட்டிருப்பே, சரி வச்சிடறேன்" என்று கேள்வியும் நானே பதிலும் நானே சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, நீயே சொல்.

என்றும் உன் அம்மா,
ஹாட்சுஎ