குளிர் அறைக்குப் போட்ட நாலு கட்டம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே கடையும் வீடும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அங்கே நீ நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

சந்தைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து காய்கறிக்கு ஒரு குளிர் அறை கட்டப்போகிறோம் என்றேன் அல்லவா, அதற்கு நீ போனில் சொல்லிக்கொடுத்த ஸ்வாட் போட்டுப் பார்த்தோம். என் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து, பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நாலு கட்டம். பலத்தில் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள், லாரிக்காரரிடம் பேசுவது அக்கா, மின்சார ஆபீசுக்கு நடப்பது அக்கா, சண்டையைத் தீர்ப்பதும் அக்கா என்று. எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. வாய்ப்பில் ஹோட்டல்காரர்கள், ஆபத்தில் மின்வெட்டும் எலியும். பலவீனம் என்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். என்றைக்கும் என்னோடு முட்டிக்கொண்டு நிற்கிற முட்டைக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார். "எல்லாத்துக்கும் அக்கான்னு எழுதிட்டீங்க. அக்கா படுத்துட்டா? அதை எங்க எழுதுறது?" உங்கள் வாயில் வருவதெல்லாம் கூமுட்டைதானா என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "போன வாரம் தராசைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, பார்த்தேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

உன்னிடம் சொல்லாமல் இருந்தது இதைத்தான். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது, இடது கை சில சமயம் மரத்துப்போகிறது. நான் விழுந்துவிட்டால் இந்த அறையை நம்பிக் கூடுதல் சரக்குக்குச் சொல்லிவைத்த பெண்கள் என்ன ஆவார்கள், நீ தனியாக என்ன செய்வாய் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எந்தச் சரக்கையும் ஒரே ஆளிடம் வாங்காதவள் நான், அவன் கையை விரித்தால் தெருவில் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவள் ஊர் வேலை முழுவதையும் ஒரே தலையில் ஏற்றிக்கொண்டு, அதைப் பலம் என்று எழுத விட்டிருக்கிறேன் பார். பேனாவை வாங்கிப் பலத்தில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு, பலவீனத்தில் நானே அதை எழுதினேன். லாரி வேலை இப்போது பழக்கடைத் தம்பதிக்கு, மின்சார ஆபீஸ் முட்டைக்கடைக்காரருக்கு. அவர் அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாரோ என்று அந்தப் பயம் வேறு.

புதன்கிழமை டாக்டரிடம் போகிறேன். டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடிவராதே, என்னவென்று தெரிந்ததும் ஒளிக்காமல் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மகராசியாக இரு. ஒன்று மறக்காதே, அன்றைக்குக் கடை போனை எடுப்பது முட்டைக்கடைக்காரர்தான். ஆண்குரல் கேட்டுப் பதறாதே, நாம் வைத்த பட்டப்பெயரையும் வாய்தவறிச் சொல்லிவிடாதே, மரியாதையாகப் பேசு. கல்லாச் சாவியை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா