சுந்தரிக்குச் சொன்ன ஐந்து வருஷம்

12 மார்ச் 1976
சர்க்கரை வியாதி உண்டாக்கிய பதினேழாம் எலிக்கு இன்று ஒன்பதாம் நாள். மூத்திரத்தில் சர்க்கரை இல்லை. சோதனைக் குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. இன்னொரு எலியின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளைப் பிரித்து இதன் ஈரலில் செலுத்தியிருந்தேன். பிடித்துக்கொண்டன!

மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஓடிவந்து தங்கையிடம் சொன்னேன். சுந்தரிக்கு இருபது வயது, பதினோரு வருஷமாக ஊசி. இன்சுலின் குப்பியை ஈரமணல் பானையில் வைத்துக்கொண்டே, "எனக்கு எப்போ, அண்ணா?" என்றாள். ஐந்து வருஷம் என்றேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டாள். மலையாளத்தில்தான், தமிழ் எழுதத் தகராறு.

4 ஆகஸ்ட் 1978
அதையே செய்து பார்த்த ஆறு நாய்களில் ஐந்து செத்துப்போயிற்று. வெளிநாட்டில் மனிதர்களுக்கு வைத்த திட்டுகளும் நிற்கவில்லையாம். வீட்டில் சொல்லவில்லை.

19 ஜனவரி 1981
சுந்தரிக்கு வலது கண் போய்விட்டது. வருஷக்கணக்காகச் சர்க்கரை ஏறிக் கிடந்திருக்கிறது என்கிறார் கண் டாக்டர். அதெப்படி? ஊசியின் அளவு எழுதிக் கொடுத்தவனே நான்தானே?

கேட்டேன். மூன்று வருஷமாகப் பாதிதான் போட்டாளாம்.

"ஊசி மதியாச்சு, அலுத்துப்போச்சு அண்ணா. எப்படியும் நீ வியாதிய மாத்தித் தரப்போறயே, அதுவரைக்கும் பாதி போறும்னு நெனச்சுண்டேன்."

ஓங்கி அறையலாம் போல் வந்தது. யாரை?

20 ஜனவரி
எலிகளின் மூத்திரத்தைத் தினம் பார்த்தேன். இவளுடையதை ஒரு நாள் பார்த்தேனா?

7 ஜூன் 1983
இரண்டு கிட்னியும் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. எலிக்குப் பண்ணியதைத் தனக்கும் பண்ணிப் பார்க்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். மனித உடம்பில் அது பிடித்துக்கொள்ளாது என்று தெரியும். கோபமே படவில்லை அவள். அதுதான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் குளியலறையில் போய் அழுதேன்.

2 செப்டம்பர்
சுந்தரி போய்விட்டாள். காலை ஆறு பத்துக்கு.

15 நவம்பர் 1985
தோப்பும்படியில் மீன் விற்கும் பேச்சியம்மாள், ஒன்பது வயது மகள் சந்தனமாரியை அழைத்து வந்தாள். அதே வியாதி. ஊசியைக் கொதிக்க வைப்பதையும் தொடையில் குத்துவதையும் காட்டிக் கொடுத்தேன்.

"எத்தன வருசம் சார் குத்தணும்? நீங்க எலிக்குக் கொணமாக்கிட்டீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

போன வாரம்தான் ஒரு எலி நூறு நாள் தாண்டியது. அதைச் சொல்லவில்லை.

"ஆயுசு பூரா போடணும்மா. பாதி போடப்படாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. விழட்டும். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையின் மூத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். குழாயை நானே பார்ப்பேன்.