அறுந்த தசைநார்

2003 ஆகஸ்ட் 19, செவ்வாய்

போன வாரம் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் பகல் முழுக்க ஓடும் மலை ஓட்டத்தில், றொசல்ல இறக்கத்தில், யாரோ பின்னாலிருந்து குதிகாலில் கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அதற்குப் பிறகு இடது காலை ஊன்ற முடியவில்லை.

இன்று பயிற்சி மாஸ்டர் என்னை வேனில் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குப்புறப் படுக்கச் சொல்லி இரண்டு கெண்டைக்காலையும் அமுக்கினார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது.

"தசைநார் அறுந்திட்டுது பிள்ளை. முந்தியே நொந்திருக்குமே?"

நான் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். "இல்லைங்க டாக்டர். இவ ஒண்ணுமே சொல்லல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் முதல் அடி வைக்கவே முடியவில்லை, கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடக்கிறது என்று அதற்கு முன்பே வட்டகொடை ஏற்றத்தில் அழுதுகொண்டே இவரிடம் சொன்னேன். "கொழுந்தெடுக்கிற காலு, ஓடினா சரியாப் போகும்" என்று வலி மாத்திரை கொடுத்து ஓடவிட்டவர் இவர்தான்.

"சொன்னேன் சார். நீங்கதான் மாத்திரை குடுத்து ஓட வச்சீங்க" என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்ததும், "டாக்டர் முன்னாடி இப்பிடியா பேசுவ? வேன்ல ஏறு" என்றார்.

"நீங்க போங்க சார்."

மாவுக்கட்டோடு மழையில் நின்று பஸ் பிடித்து வந்தேன்.

மறுபடி ஓட முடியுமா என்று டாக்டரிடம் கேட்கத்தான் போனேன். அந்த ஆத்திரத்தில் அதைக் கேட்கவே இல்லை.