வழக்கில் பெயர் இல்லாதவள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையின் வணக்கம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. போனில் நான் 'ம்', 'சரி' இரண்டைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று போன தடவையும் திட்டினாய். எழுதினால் கொஞ்சம் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

தையல் அறைக்காக மாமா மேல் உன் பெயரிலும் அம்மா பெயரிலும் வழக்குப் போட்டதுவரை உனக்குத் தெரியும். தன் ஆணிக்கடை வழியாக அந்த அறைக்குப் போகும் கதவை மாமா பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது. மெஷின்கள் எல்லாம் உள்ளே. அம்மா வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பட்டன் கட்டிக் கொடுக்கிறாள். சம்மன் மாமா கைக்குப் போனால்தான் வழக்கு நகருமாம். குறித்த தேதிக்குள் போகாவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவார்களாம்.

இதில் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கோர்ட்டில் முத்திரை போட்டுக் கொடுத்த சம்மனை, வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானே கொண்டுபோய் மாமா முன்னால் போட்டுவிட்டு வந்தாள். தெருவே பார்த்தது. அன்று முழுக்க அம்மா முகத்தில் அப்படி ஒரு களை. மறுநாள் கோர்ட்டில் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றாள் பெருமையாக. செல்லாது என்றுவிட்டார்கள். வழக்குப் போட்டவரே கொடுக்கக் கூடாதாம். கொடுத்தேன் என்று இவர் சொல்ல, வாங்கவில்லை என்று அவர் சொன்னால், யாரை நம்புவது?

அதற்குப் பிறகு கோர்ட்டு ஆள் பலமுறை போனார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைப்பையன் உள்ளே சொல்லிவிடுவான். மாமா வெளியூர் போய்விடுவார், அதாவது பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்.

கடைசியில் கோர்ட்டு குமாஸ்தா அம்மாவைப் பார்த்து வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவரும் ஒரு பெண்தான், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பவர். இவள் இருக்கிறாள், ஆனால் வாயே திறக்க மாட்டாள் என்று அம்மா என்னைக் காட்டினாள்.

"வாய் திறக்கணும்னு சட்டத்துல இல்லம்மா. பதினெட்டு முடிஞ்சிருக்கணும், வழக்குல பேர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் அவர்.

எனக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. அந்த அறையை வாங்கியபோது நான் சின்னவள் என்று பத்திரத்தில் என் பெயரைச் சேர்க்கவில்லை. அதற்காக உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன், நினைவிருக்கிறதா? நான் பேசாமல் இருந்ததே உனக்குத் தெரியவில்லை என்று பிறகு சொன்னாய். இப்போது பெயர் இல்லாததால்தான் நான் கொடுத்தால் செல்லும்.

மாமா வாங்க மறுத்தால், அவர் கண்ணெதிரே வைத்துவிட்டு, இன்னது என்று சொல்லிவிட்டு வரலாம் என்று குமாஸ்தா சொல்லிக் கொடுத்தார். வாய் திறக்க வேண்டாம் என்றவரே இப்படிச் சொல்கிறாரே என்று அன்று இரவெல்லாம் அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் போனேன். என்னைப் பார்த்துக் கடைப்பையன் குரல் கொடுக்கவில்லை. மாமா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். "வாடி, சத்தமில்லாத சரக்கு. சாப்டியா?" என்றார். அந்த அன்பு என் காலைக் கட்டிப்போட்டது. அம்மா அனுப்பினாளா என்று கேட்டார். கையிலிருந்த கவரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மேசை முழுக்கத் திருகாணி. காலியாக இருந்தது, அப்போதுதான் ஆணியைப் பொட்டலத்தில் கொட்டிய தராசுத் தட்டு ஒன்றுதான். அதில் வைத்தேன்.

"இது கோர்ட்டு சம்மன், மாமா. உங்களுக்குத்தான்."

குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆணி வாங்க வந்தவர், அதையும் சேர்த்து நிறுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டார். கவரைப் பிரித்திருந்தார். உன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்திருந்தார்.

"பெரியவ வருவாளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவள் வந்தால் உட்கார்ந்து பேசலாம், பூட்டு என்ன பெரிய பூட்டு என்று தராசிடம் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு கோர்ட்டில் நான் கொடுத்ததை என் கையாலேயே எழுதி, சத்தியம் செய்து, வாய்விட்டு வாசிக்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்தில் குமாஸ்தா ஒரு பிழையும் பிடிக்கவில்லை. 'கேட்கவில்லை, இன்னொரு முறை' என்று மட்டும் சொன்னார். இரண்டாம் முறை வாசித்தது வராந்தாவில் இருந்த அம்மாவுக்கே கேட்டதாம். வீடு வரும் வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை.

மாமா சொன்னதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்துபோய் உன் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணை. நீ வர வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் அனுப்பினால் போதும் என்கிறார் வக்கீல். அவருக்குப் போதும், அக்கா. எங்களுக்குப் போதாது.

நல்லபடியாக வந்து சேர்.

உன் அன்புத் தங்கை