பக்கத்துத் தொட்டில் பிள்ளைதான் அழகு

அண்ணே,

விரலெல்லாம் சிவப்பாக இருக்கிறது. கொலை எதுவும் செய்துவிடவில்லை, முட்டை உரித்தேன். புக்கிட் பாத்தோக்கில் உங்கள் மகன் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். கிளம்பும்போது உங்கள் மருமகள் ஷுமின் ஒரு பெட்டியைக் கையில் திணித்தாள். மஞ்சள் சோறு, கோழிக்கறி, ஆமை முதுகு மாதிரி அச்சுப் போட்ட பலகாரம், நடுவில் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகள். சீனக் குடும்பங்களில் பிள்ளை பிறந்து மாதம் நிறைந்தால் ஊருக்கெல்லாம் கொடுப்பார்களே, அதுதான். ஆமாம், உங்களுக்கு இரண்டாவது பேரப்பிள்ளை. இந்த முறை பையன். அழகாக இருக்கிறானா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி நம் இருவரையும் படுத்திய பாடு போதும்.

சாயம் சோப்புக்கு மசியவில்லை. மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இதைவிட அழுத்தமான சாயம் எவரும் கண்டதில்லை. ஆயுள் முழுவதையும் செராங்கூன் சாலைச் சேலைக்கடையில் கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். நம்ப மாட்டீர்கள். நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்து, மிச்சத்தையும் பாதியாக்கித்தானே கேட்டுக்கொள்வீர்கள்.

கடைக்கு வந்த பெண்கள் எல்லோரையும் பேரழகி ஆக்கி அனுப்பியவன் நான். கூடப் பிறக்காத அண்ணனான நீங்களோ லிஃப்ட் பழுது பார்த்தவர். எந்த லிஃப்டைப் பார்த்தும் "நல்லா ஓடுது" என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. "இப்போதைக்கு ஓடுது" என்பீர்கள். தேக்கா சந்தைப் பிரியாணியை விரல் சூப்பச் சூப்பத் தின்றுவிட்டு "ம், சாப்பிடலாம்" என்பீர்கள். உங்கள் மகன் பல்கலைக்கழகத்தில் பரிசு வாங்கிய அன்று "பரவால்ல" என்றீர்கள். அதுதான் உங்கள் அகராதியில் உச்சம். அதற்கு மேல் சொல் கிடையாது.

அப்படிப்பட்ட நீங்கள்தான் என்னை ஆங்கில வகுப்புக்கு இழுத்துப் போனீர்கள். மகன் சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். உங்களிடம் இருந்த ஆங்கிலமோ வேலைத்தள ஆங்கிலம். "மருமககிட்ட 'லிஃப்ட் ஸ்பாயில், வெயிட் ஆ'ன்னா பேசறது?" என்று கேட்டீர்கள். எனக்கு எதற்கு வகுப்பு, என் ஆங்கிலத்தைக் கேட்டு லண்டனே மிரளும் என்றேன். மிரளத்தான் செய்யும் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சமூக மன்றத்தின் மாடி அறை. சனிக்கிழமை பிற்பகல். நம் வயசுக்காரர்கள் நிறைந்திருந்த அந்த அறைக்கு டீச்சராக வந்தவள் நம் பிள்ளைகளைவிட இளையவள். ஒரு நாள் தேக்கா சந்தையிலிருந்து இரண்டு கத்திரிக்காய் வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள். இது அதைவிட நீளம், அது இதைவிடக் கனம் என்று ஒப்பிட்டுச் சொல்லப் பழக வேண்டுமாம். குட்டிச் சொல்லாக இருந்தால் பின்னால் 'அர்' என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். நீளச் சொல்லாக இருந்தால் முன்னால் ஒரு 'மோர்' ஊற்ற வேண்டும். பொருளை மட்டுமல்ல, செய்கையையும் அப்படியே ஒப்பிடலாம்: இவன் அவனைவிட மெதுவாக நடக்கிறான், அவன் இவனைவிடச் சத்தமாகக் குறட்டை விடுகிறான்.

அண்ணே, அந்த வகுப்பு எனக்கென்றே கடவுள் படைத்தது. என் மூக்கு செராங்கூன் சாலையைவிட நீளம் என்றேன். நான் எம்.ஆர்.டி. ரயிலைவிட வேகமாகச் சாப்பிடுவேன் என்றேன். என் மனைவியின் கோபம் பாயா லெபாரில் தரையிறங்கும் விமானத்தைவிடச் சத்தம் என்றேன். டீச்சர் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் முறை வந்தது. எழுந்து நின்று, இரண்டு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அதைவிட மோசம் என்றீர்கள். அதையாவது நல்லதாகச் சொல்லுங்களேன் என்றாள். அது இதைவிடக் குறைவாக மோசம் என்றீர்கள். தரம் குறைப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் அத்தனை சொல்லையும் ஒரே மாதத்தில் பிடித்துவிட்டீர்கள். உயர்த்திச் சொல்லும் சொல் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன்.

பிறகு உங்கள் பேத்தி பிறந்தாள். தகவல் வந்ததும் நாம் இருவரும் மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்சியில் நீங்கள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். ஒத்திகை என்று அப்போது தெரியவில்லை. அறையில் இரண்டு கட்டில், இரண்டு தொட்டில். அடுத்த கட்டிலில் ஒரு மலாய்க் குடும்பம். ஷுமின் களைத்துப்போய்க் கிடந்தாள், ஆனால் முகம் முழுக்க வெளிச்சம். பிள்ளையைத் தூக்கி உங்கள் பக்கம் திருப்பி, அழகாக இருக்கிறாளா அப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீங்கள் பிள்ளையைப் பார்த்தீர்கள். கண் கலங்கியதை நான் பார்த்தேன். அடுத்த நொடி விறைப்பாக நிமிர்ந்து, ஒரு வால் தப்பாமல், ஒரு மோர் சிந்தாமல், அட்சர சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: பக்கத்துத் தொட்டில் பிள்ளைதான் இதைவிட அழகு. இது அதைவிடச் சின்னது. அதைவிடக் கர்ணகடூரமாக அழுகிறது.

டீச்சர் மட்டும் அங்கே இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பாள். ஷுமினின் முகத்தில் இருந்த வெளிச்சம் யாரோ சுவிட்சைத் தட்டியது மாதிரி அணைந்தது. அடுத்த கட்டில் அம்மா கூச்சத்தோடு நன்றி சொன்னாள். உங்கள் மகன் அப்பா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று மழுப்பினான். ஷுமின் பிள்ளையைத் துணியால் மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நம்மூர்க்காரனுக்குப் புரியும், கண் படக் கூடாதென்று சொன்னது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பது மாதிரி நீங்கள் வாயால் ஒரு பொட்டு வைத்தீர்கள். அவளுக்கு எப்படிப் புரியும்? அதற்கப்புறம் நீங்கள் எப்போது போனாலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தது. மூடின கதவுக்கு வெளியே சோபாவில் உட்கார்ந்து, மைலோ குடித்துவிட்டு வந்தீர்கள்.

"கண்ணு படாம காப்பாத்தினேன் தம்பி. இப்ப என் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறாங்க."

இதை நீங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் உங்கள் அடுக்குமாடிப் புளோக் கீழே, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னீர்கள். நான் உடனே என் கடையை விரித்தேன். போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் அண்ணே, இந்த உலகத்திலேயே இவள்தான் மிக அழகு என்று. முடிந்தது விவகாரம். கண்ணேறுக்குப் பயமா? அதற்குத் தமிழ்தான் தெரியும், இங்கிலீஷ் எங்கே தெரியப்போகிறது?

நீங்கள் சிரிக்கவில்லை. "சிங்கப்பூர்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றீர்கள். அப்புறம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னீர்கள். மகனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்ததாம். தோளில் தூக்கிவைத்துக்கொண்டு புளோக் புளோக்காகப் போய், என் மகள் மாதிரி அழகு இந்த ஊரிலேயே இல்லை என்று நீங்களே சொல்லித் திரிந்தீர்களாம். தவழ ஆரம்பிப்பதற்குள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டதாம். "டாக்டர் வேற காரணம்தான் சொன்னார். அது சரியாத்தான் இருக்கும்," என்றீர்கள். "ஆனா நான் அப்புறம் எதையும் நல்லா இருக்குன்னு சொல்லல."

ஊரையே பேச்சால் வளைப்பவன், எழுந்து காப்பிக்கடைக்குப் போனேன். உங்களுக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வாங்கி வந்தேன். குடித்தீர்கள். சாப்பிடலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நீங்களாகவே டீச்சரிடம் போய், மிக அழகு என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். வாரா வாரம் பழகினீர்கள். கத்திரிக்காயை வைத்துச் சொன்னீர்கள், சாக்பீஸை வைத்துச் சொன்னீர்கள், என் வழுக்கையை வைத்துக்கூடச் சொல்லிப் பார்த்தீர்கள். சொல் வந்தது. சொல்லும்போதெல்லாம் நெற்றியில் வேர்வையும் வந்தது. மருமகள் மனசுக்காகச் சொல்லியே தீர்வது என்று முடிவு செய்திருந்தீர்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தையும் கூடவே சுமந்துகொண்டிருந்தீர்கள்.

மாதம் நிறைந்த விருந்து. வெள்ளைச் சட்டையில் வந்தீர்கள். வீடு நிறைய ஆட்கள். ஷுமின் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். நீங்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் போனீர்கள். வாயைத் திறந்தீர்கள். மூடினீர்கள். கழுத்தெல்லாம் வேர்வை. நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, எனக்குத் தெரிந்த கடவுள்களையும் தெரியாத கடவுள்களையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஷுமினின் அப்பா வந்தார். மீன் உருண்டை நூடுல்ஸ் விற்று ஓய்ந்த மனிதர், கட்டைக் குரல். உங்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் அறிவித்தார்: "ஐயோ, சோ அக்லி. குரங்கைவிட அக்லிலா."

நீங்கள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தொலைந்துபோன தம்பியைச் சந்தையில் கண்டவன் மாதிரி. ஒரு நொடிதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, குரங்கு எவ்வளவோ தேவலை, இவள் என்னைவிட அசிங்கம் என்றீர்கள். அவர் கருவாட்டைவிட நாற்றம் என்றார். நீங்கள் பழைய லிஃப்ட் மோட்டாரைவிட இரைச்சல் என்றீர்கள். அவர் உடும்பைவிடச் சோம்பேறித்தனமாகத் தூங்குகிறாள் என்றார். நீங்கள் இவனைவிட அதிகமாகப் பொய் சொல்வாள் போலிருக்கிறது என்று என்னைக் கை காட்டினீர்கள். டீச்சர் சொல்லித்தந்த இலக்கணம் முழுவதும் அன்று அந்தத் தொட்டிலின் மேல் பொழிந்தது. அப்புறம் இருவரும் சந்தையில் பேசும் பசார் மலாய்க்குத் தாவினீர்கள். அழகு என்று சொன்னால் மேலே இருப்பவர்கள் காதில் விழும், வந்து தூக்கிப் போய்விடுவார்கள், அதனால்தான் என்றார் அவர். எங்களுக்கும் அதேதான் என்றீர்கள். உங்கள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது.

ஷுமின் தன் அப்பாவைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். சின்ன வயசில் அப்பா அவளைக் கூப்பிட்டதே நாற்றம் பிடித்தவளே என்றுதானாம். அது ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லையாம். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நடுவில் அழுகை வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி உங்கள் கையில் வைத்து, "அப்பா, நெக்ஸ்ட் டைம் எக்ஸ்பிளெய்ன் ஃபர்ஸ்ட்லா," என்றாள். நீங்கள் பழகி வைத்திருந்த அந்தப் பெரிய வாக்கியம் கடைசிவரை பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. ஷுமின் உங்களுக்காக மீன்குழம்பு வைத்துவிட்டு, "அப்பா, பரவால்லயா?" என்று தமிழில் கேட்பாள். நீங்கள் தலையாட்டினால் அன்றைக்கு முழுவதும் அவளுக்குக் கால் தரையில் படாது. பேத்தி கிறுக்கிய படத்துக்கு நீங்கள் ஒரு பரவால்ல போட்டால், அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள். லிஃப்டின் படம் வரைந்தால் மட்டும் "இப்போதைக்கு ஓடும்" என்பீர்கள்.

போன வருடம் நீங்கள் போய்விட்டீர்கள். இன்றைக்குப் பையனுக்கு மாதம் நிறைந்தது. சம்பந்தி தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிழவனைவிட அசிங்கம் என்று ஒன்று சொன்னார், அதற்குப் பதில் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் இடத்தில் நான் பேச வேண்டுமாம். குவியல் குவியலாகப் புகழ்ந்தே பிழைத்த வாய் அண்ணே, ஒரு பழுதுகூட அகப்படவில்லை. மூக்கைப் பார்த்தால் உங்கள் மூக்கு.

அப்போது உங்கள் பேத்தி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். தம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து, நீங்கள் லிஃப்ட் கதவைச் சோதிப்பது மாதிரியே பார்த்தாள். என்னைவிட அசிங்கம் என்றாள். என்னைவிட மெதுவாகப் பால் குடிக்கிறான், பக்கத்து வீட்டுப் பூனைகூட இவனைவிட அழகு. சம்பந்தி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார், ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது. ஷுமின் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பேத்தி வாசல்வரை வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், "அங்கிள், தாத்தா ரொம்ப நல்லவரா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பாருங்கள். இனி எந்தக் கண்ணும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். செராங்கூன் சாலையில் நான் சேர்த்து வைத்த சரக்கு முழுவதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. புக்கிட் தீமா மலையைவிட உயர்ந்தவர், சாங்கியில் உதிக்கும் சூரியனைவிடப் பிரகாசமானவர், இந்தத் தீவு இதுவரை கண்ட மனிதர்களிலேயே மிகச் சிறந்தவர் என்று முழங்க வாயைத் திறந்தேன்.

"பரவால்ல," என்றேன்.

"அவ்வளவு நல்லவரா," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.