உண்ணி கடித்த இடம்

நவம்பர் 12, புதன்
காலையிலிருந்து தூறல். கல்மண்டபம் பக்கம் தண்ணீர், மீன் வாங்கப் போகவில்லை. என் வீட்டுக்காரி ரெஜினாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், மண்டை பிளக்கிற வலி. நான் வைத்த கஞ்சி அடிபிடித்துவிட்டது. படுத்துக்கொண்டும் மணிக்குச் சோறு வைத்தாயா என்று கேள்வி. நான் சாப்பிட்டேனா என்று கேட்கக் காணோம். தெருநாய்தான், ஆனால் இவளுக்குப் பிள்ளை. மழை வந்தால் அதன் காதில் கொத்துக் கொத்தாய் உண்ணி. மடியில் போட்டுப் பிடுங்கி நகத்தால் நசுக்குவாள். கலீஜ் பண்ணாதே என்றால் கேட்டால்தானே.

நவம்பர் 15, சனி
காய்ச்சல் விடவில்லை. தெருமுனை கிளினிக்கில் ஊசி, மாத்திரை. ரத்தம் பார்த்தாயிற்று. டெங்கு இல்லை. அப்பாடா என்றேன், பாவி. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்
பெரிய ஆஸ்பத்திரி. மூச்சு இரைக்கிறது. டாக்டரம்மா சின்னப் பெண். திரையை இழுத்துவிட்டு அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் கறுப்பாய் ஒரு பொருக்கு, பீடியால் சுட்ட மாதிரி. ரெஜினாவுக்கு அது முன்பே தெரியுமாம்.
"நாடா அறுத்த புண்ணு டாக்டர். எல்லா பொம்பளைக்கும் கீறதுதானே."
புண் இல்லை, உண்ணி கடித்த இடம் என்றார். உண்ணிக் காய்ச்சல். முதலிலேயே வந்திருந்தால் சாதாரண மாத்திரையில் போயிருக்குமாம்.

நவம்பர் 18, செவ்வாய்
ஐ.சி.யு. உள்ளே விடவில்லை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மணி வாலாட்டிக்கொண்டு காலில் உரசியது. காதில் உண்ணி. ஆத்திரம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு சேவியர் குட்டியானை வண்டியில் எண்ணூருக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.
"அங்க வுட்டுட்டு வந்துடலாம் நைனா. கொழந்தைங்க கீற தெரு."
பிஸ்கட் காட்டினேன், தானே ஏறியது. டேங்கர் லாரிகள் நிற்கிற இடத்தில் இறக்கிவிட்டோம்.

நவம்பர் 21, வெள்ளி
பிழைத்துவிட்டாள். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காதும் கேட்கவில்லை. இந்தக் காய்ச்சலில் சிலருக்கு அப்படி ஆகுமாம். மறுபடி கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.
நாயை விட்டுவந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். உண்ணியைக் கையால் நசுக்கக்கூடாது, நாய்க்கு மருந்து போட்டிருந்தால் போதுமே, அது என்ன செய்யும் என்றார்.
நேரே எண்ணூருக்கு பஸ். டீக்கடையில் கேட்டேன், லாரிக்காரர்களைக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. மணி மணி என்று ரோட்டில் கத்திக்கொண்டே நடந்தேன். அழுகையாய் வந்தது.

நவம்பர் 26, புதன்
வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. எழுந்து நடக்கத் தெம்பில்லை, உள்ளறையில் படுக்கை. எதுவானாலும் ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறேன். ரசம் சாதம் இரண்டு வாய். நாயைப் பற்றி எழுதக் கை வரவில்லை.
சாயங்காலம் வெகுநேரம் வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேச்சு.
"மணி வாசல்ல கொலைச்சிகினு கீதா? எனக்குத்தான் கேக்கலியா?"
ஆமாம் என்று தலையாட்டினேன்.